புதன்கிழமை ஊசி

டிக்கெட் போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் தேதி கேட்டேன். "எந்தக் கெழம வேணும்னாலும் வா கண்ணு, புதங்கெழம மட்டும் வேண்டாம். அன்னிக்கு அண்ணனுக்கு ஊசி" என்றாள். பதினைந்து வருசமாகச் சிங்கப்பூரிலிருந்து வந்துபோகிறேன். நான் வந்து இறங்கும் நாளைவிடப் பெரிய நாள் ஒன்று அம்மாவின் காலண்டரில் இருந்தது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. செவ்வாய் ராத்திரி கோவையில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டேன், மறுநாள் கூடவே போய் அது என்னதான் என்று பார்த்துவிடலாம் என்று.

ஊருக்குப் போய்வந்தவர்கள் ரோடு, ஏர்போர்ட், பேங்க், பத்திர ஆபீஸ் பற்றியெல்லாம் எழுதுகிறார்கள். மனநல மருத்துவம் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதினால் வீட்டுக் கதை வெளியே வரும். எங்கள் வீட்டுக் கதை ஊருக்கே தெரியும் என்பதால் எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

ஈரோடு மாவட்டத்தின் வடக்குப் பக்கம், பவானி ஆற்று வாய்க்கால் பாயும் ஊர். அண்ணன் 2005-ல் கோவையில் இஞ்சினியரிங் மூன்றாம் வருசம் படிக்கும்போது பாதியில் திரும்பி வந்தான். தூக்கம் இல்லை. ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். ஒரு ராத்திரி மஞ்சள் காட்டில் நாலு பாத்தியைக் கொத்திப் போட்டிருந்தான், அடியில் ஒயர் போகிறதாம். முதலில் கோயிலில் பூக்கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தது, சரியாகிவிடும் என்றார்கள். அடுத்து மந்திரித்துக் கயிறு. அடுத்து குணசீலம். காவிரிக்கரையில் அந்தப் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், அப்பா அண்ணனோடு தங்கினார். முகத்தில் தீர்த்தம் அடித்தார்கள். குணசீலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மகனைப் போல இன்னும் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அப்பா அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார். திரும்பி வந்தவர் அம்மாவிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒரு மாதம்தான் தாங்கியது. பிறகு தோட்டத்துச் சாளையில் ஒன்பது நாள் மாட்டுச் சங்கிலி. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் வெந்து செத்தார்கள். அன்றைக்குப் பேப்பரைப் படித்துவிட்டு "பாவிக, கட்டிப் போட்டுட்டாங்களே" என்று சொன்னவர் எங்கள் அப்பா. நாலு வருசம் கழித்து அதே அப்பாதான் கட்டுத்தறியிலிருந்து சங்கிலியை அவிழ்த்துக் கொண்டுபோனார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை, சொல்ல ஆளும் இல்லை.

கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒரு மாமா வழி காட்டினார். அங்கே மருந்து கேட்டது. அண்ணன் தூங்கினான், சாப்பிட்டான், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒரு வெள்ளாமை மஞ்சள் அந்தப் பில்லுக்குப் போனது. ஆனால் வெளியே வரும்போது கையில் கொடுத்தது ஒரு இங்கிலீஷ் தாள் மட்டும். மாத்திரையை எத்தனை வருசம் போடவேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. "நல்லாத்தான இருக்கறான்" என்று நிறுத்துவோம், ஆறு மாதத்தில் திரும்ப வரும், திரும்பக் கோவை. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். இப்படி மூன்று தடவை.

2010-ல் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் அன்று அண்ணனைப் பெரியம்மா ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், "படிக்கப் போயிருக்கான்" என்று சொல்லி. கல்யாணத்தன்று மண்டபத்து மாடி அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு வருசம் கழித்துச் சிங்கப்பூரில் என் வீட்டுக்காரரிடம் நானே அழுதுகொண்டு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க சித்தப்பாவும் அப்படித்தான். உங்க வீட்ல சொல்ல வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுவது இப்படித்தான்.

2016-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். கோவைக்குக் கூட்டிப்போக ஆளில்லை. நான் பணம் அனுப்பினேன், பணம் பஸ் ஏறுமா? அண்ணன் பகல் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். 2015-16-ல் பெங்களூரில் இருக்கிற தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது, தமிழ்நாடும் அதில் உண்டு. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய், அதில் நோய்க்குத் தகுந்தபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே. அந்தச் சதவீதத்துக்கு முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வரும்.

விசயம் மாறியது அம்மாவின் சர்க்கரையால். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, சர்க்கரைக்கும் பிரசருக்கும் மாத்திரை கொடுக்க ஒரு அம்மா வீட்டுக்கே வர ஆரம்பித்தார். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ வந்தபோது மரத்தடியைப் பார்த்து, "இவரு ஏனுங் எப்பப் பார்த்தாலும் இப்படியே உக்காந்திருக்காரு?" என்று கேட்டிருக்கிறார். அம்மா வழக்கம்போல "அவன் அப்படித்தானுங்" என்றிருக்கிறாள். "அப்படியெல்லாம் இல்லீங்க, புதங்கெழம தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வராருங், கூட்டிட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பதினாறு வருசத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அந்தப் புதன்கிழமை புதிதாக முளைத்ததில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தேசிய மனநலத் திட்டம் 1982-லேயே வந்துவிட்டது. கர்நாடகத்தில் பெல்லாரியில் நிம்ஹான்ஸ் செய்து பார்த்த முறையை வைத்து, 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி, 1997-ல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. மாவட்டத் தலைநகரில் இருக்கிற மனநல மருத்துவர், சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர், நர்ஸ் எல்லோரும் ஒரு குழுவாக, கிழமை வைத்துத் தாலுகா தாலுகாவாகப் போகிறார்கள். நோயாளி ஊரைத் தேடிப் போவதற்குப் பதில் டாக்டர் ஊரைத் தேடி வருகிறார். அவ்வளவுதான் சூட்சுமம். அப்பா இருந்த காலத்திலேயே இது இந்தப் பக்கம் எங்காவது இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன்.

காலை எட்டே காலுக்கு டவுன் பஸ். அம்மாவுக்கு டிக்கெட் இல்லை, 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு கிடையாது. மாற்றுத்திறனாளி அட்டை இருப்பதால் அண்ணனுக்கும் இல்லை. மூன்று பேரும் காசில்லாமல் போய் இறங்கினோம். நான் பதினைந்து வருசம் அனுப்பிய பணத்தில் எதுவும் செய்யாத வேலையை இந்த பஸ் செய்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அம்மா யாரையும் கெஞ்சாமல், கார் வாடகை பேசாமல், தானே கூட்டிப்போய்த் தானே கூட்டி வருகிறாள்.

ஆஸ்பத்திரியில் பழைய பிரசவ வார்டுக்குப் பக்கத்தில் ஒரு நீள வராந்தா. ஒன்பதரைக்கே அறுபது எழுபது பேர். எல்லோரும் அண்ணனைப் போல இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். பாதிப் பேர் குடியை நிறுத்த வந்த ஆண்கள், பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு மனைவி. திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துத் தூக்கம் கெட்டுப்போன பையன் ஒருவன். காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி, அவள் அம்மா அவள் கையை விடவே இல்லை. வாசலுக்குத் தெளிக்கிற சாணிப் பவுடர், அந்த விஷச் சாயப்பொடி, எத்தனை குடும்பத்தைக் கெடுத்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் தற்கொலைக்கு முயன்று பிழைத்து வந்த பிள்ளையைப் போலீஸ் கேஸ் என்று பயந்து மறைப்பார்கள். 2017-ன் மனநலச் சட்டத்தில் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர், வேறு மாதிரி நிரூபணம் ஆகாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது, கவனிப்பு கொடுப்பது அரசின் கடமை என்கிறது. அதே சட்டத்தின் 95-ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. வராந்தா சுவரில் இரண்டையும் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அம்மா அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள் என்று கவனித்தேன்.

டாக்டர் எங்களுக்குக் கொடுத்தது நாலு நிமிசம். நாலு வாரத்துக்கு ஒரு ஊசி, கை நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை. "தூக்கம் எப்படிங்க? ராத்திரி யாராவது பேசறாங்களா?" அண்ணன் நேராகச் சொன்னான்: "பேசறாங்க சார். ஆனா தூரமாப் பேசறாங்க." டாக்டர் அதை அப்படியே நோட்டில் எழுதினார். நாலு நிமிசம் போதாதுதான், ஆனால் அந்த வரியை எழுதிய டாக்டர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அந்த மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிய கதையை அடுத்த அறையில் சமூகப் பணியாளர் பெண் சொன்னார். மனநோய்க்குச் சதவீதம் போட ஒரு அளவுகோல் இருக்கிறது. தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. இந்த நாலுக்கும் மதிப்பெண், நோய் எத்தனை வருசம் என்பதற்குத் தனி மதிப்பெண். மொத்தம் ஏழோ அதற்கு மேலோ வந்தால் 40 சதவீதம், அட்டை கிடைக்கும். "குளிக்கிறாராங்கம்மா?" என்று கேட்டதற்கு அம்மா "ரெண்டு வேளையும் குளிப்பானுங், ரொம்பச் சுத்தம்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். "தானாக் குளிக்கிறாரா, நீங்க தண்ணி மொண்டு வெச்சு, துண்டு எடுத்துக் குடுத்து, போ சாமின்னு சொல்லோணுமா?" என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் அம்மா அழுதாளாம். மகனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிற பழக்கம், அட்டைக்கே வினையாக இருந்திருக்கும்.

குறைகள் இருக்கின்றன. இந்த நாலு வருசத்தில் டாக்டர் மூன்று பேர் மாறிவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் இருந்த அன்றைக்கே கை நடுக்க மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். விலை ஒன்றும் இல்லை, ஆனால் அம்மா மூன்று கடை ஏறி இறங்கினாள். சைக்காலஜிஸ்ட் நாற்காலி காலியாகக் கிடந்தது. பிறகு இன்சூரன்ஸ். உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. 2018-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது. நான் அண்ணனுக்குப் பாலிசி கேட்ட கம்பெனி, மாத்திரை பெயரைப் பார்த்ததுமே போனை வைத்துவிட்டது.

சிங்கப்பூரில் எல்லாம் தேன் என்றும் சொல்ல மாட்டேன். இங்கே "உட்பிரிட்ஜ்" என்று ஒரு சொல் இருக்கிறது, பழைய மனநல ஆஸ்பத்திரியின் பெயர். பெயரை மாற்றி எத்தனையோ வருசம் ஆகியும் கிண்டலுக்கு அந்தப் பெயர்தான். நம் ஊரில் கீழ்ப்பாக்கம் எப்படியோ அப்படி.

போன ஆவணியில் ஒரு ராத்திரி அண்ணன் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று தோட்டத்தில் நின்றிருக்கிறான். பெரியப்பா மகன் 14416-க்கு அடித்தான், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். எடுத்த பெண் அம்மாவிடம் தமிழில் பொறுமையாகப் பேசியிருக்கிறாள்: பக்கத்தில் போகாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள், வாசல் விளக்கைப் போட்டுவிட்டுச் சோறு போட்டு வையுங்கள். அம்மா அரிசியும் பருப்பும் சோறு ஆக்கித் திண்ணையில் வைத்திருக்கிறாள். பன்னிரண்டு மணிக்கு வந்து சாப்பிட்டானாம்.

ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் இருக்கிற இருபத்தேழு நாள் என்ன செய்வது என்பதுதான் இன்னும் பெரிய கேள்வி. அதற்கு அரசாங்கத்திடம் எங்கள் பக்கத்தில் பதில் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு சின்ன டிரஸ்ட் இருக்கிறது, பெயர் போட வேண்டாம் என்றார்கள். ஒரு ஓட்டு வீட்டில் நாலு பேரோடு தொடங்கியதாம். இப்போது பின்பக்கத்தையும் வாடகைக்கு எடுத்து, கூட்டிவர ஒரு வேன் வைத்திருக்கிறார்கள். ஜமக்காளத் தறிக்காரர்களிடமிருந்து வேலை வாங்கிக் கொடுக்கிறார்கள். அண்ணன் அங்கே தார் சுற்றுகிறான், அதாவது தறி நாடாவுக்குள் போகிற குச்சியில் நூல் ஏற்றுகிற வேலை. சிட்டா நூலை ஏற்றி, ராட்டையைச் சுற்றி, தார்க்குச்சியில் நூல் ஏறுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். கை நடுக்கம் ராட்டையில் தெரிவதில்லை. கூலி சொற்பம், அதை அம்மாவிடம் எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்ப எண்ணச் சொல்கிறான்.

கிளம்புகிற அன்று பையில் எத்தனை கிலோ மீதி இருக்கிறது என்று கேட்டான். வரும்போது ஒறம்பரைக்கெல்லாம் கோடரித் தைலமும் மைலோவும் கொண்டு வந்த இடம் காலியாகத்தான் இருந்தது. சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். "நீ நெஞ்சதாண்ணா?" என்று கேட்டேன்.

"நான் எங்க நெஞ்சேன். செவப்பு மட்டும் நான் தார் சுத்துனது பாப்பா. பச்சை வேற ஆளு" என்றான்.