குட்டி முதல் முதுமை வரை: வயதுவாரி நாய்த் தீனிப் பைகள், ஒரு மதிப்பீடு

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஒரு நிறுவனத்தின் உலர் தீனியை, குட்டி, வளர்ந்த நாய், முதிய நாய் என்ற மூன்று வகையிலும் எங்கள் வீட்டு லாப்ரடார்களுக்குக் கொடுத்து வருகிறோம். குட்டிக்கான பை கொடுத்த விலைக்குத் தகும் என்றும், முதிய நாய்க்கான பைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஆஃப்கோ எனப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கத்தின் அளவுகோலின்படி, ஈரப்பதம் நீக்கிய கணக்கில், வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 விழுக்காடு புரதமும், வளர்ந்த நாய்க்கு 18 விழுக்காடும் தேவை. குட்டிக்கான பை இந்த அளவைத் தாராளமாக எட்டுகிறது. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அதே அளவுகோலில் உண்டு. ஆகவே, இத்தகைய முழுமையான தீனியோடு கால்சியம் டானிக்கையும் ஊற்றும் நம் ஊர்ப் பழக்கத்தை மருத்துவர் சொன்னாலொழியக் கைவிட வேண்டும். தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தடுக்கும் திறன் இளங்குட்டியின் குடலுக்குக் குறைவு என்பதால், கெடுவது எலும்புதான்.

இந்தப் பையை நான் விரும்புவதற்குப் பயிற்சியும் ஒரு காரணம். துண்டுகள் கொண்டைக்கடலையை விடச் சிறியவை. ஒரு துண்டை மூக்கின் முன் பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால், குட்டி அண்ணாந்து பார்த்தபடி தானாகவே உட்கார்ந்துவிடும். அந்த நொடியிலேயே துண்டைக் கொடுத்தால், மென்று முடித்து அடுத்ததற்குத் தயாராகிவிடும். வளர்ந்த நாய்க்கான துண்டு பெரிது என்பதால், அதைக் கடித்து நொறுக்கும் நேரத்தில் கவனம் சிதறிவிடுகிறது. சுமார் 3 முதல் 14 வாரம் வரையிலான பருவத்தில் குட்டி எதற்குப் பழகுகிறதோ அதற்குப் பின்னாளில் பெரும்பாலும் அஞ்சாது. குக்கர் விசில் அடிக்கும்போதும், வாசலில் புதியவர் நிற்கும்போதும் அன்றைய தீனியிலிருந்தே சில துண்டுகளைக் கையால் கொடுத்தது எங்களுக்கு நன்கு பயன்பட்டது.

வளர்ந்த நாய்க்கான பையின் குறை, அதன் பின்புறத்தில் உள்ள அளவு அட்டவணை. பயிற்சிக்குக் கொடுப்பதை அன்றைய அளவில் கழிக்க வேண்டும் என்றோ, கருத்தடை செய்த நாய்க்குக் குறைவாகப் போதும் என்றோ அதில் ஒரு வரிகூட இல்லை. அட்டவணையை நம்புவதைவிட, விலாவை விரலால் தடவிப் பார்த்து, எலும்புகள் எளிதில் தட்டுப்படுகின்றனவா என்று சோதித்து அளவைத் திருத்துவதே சரி.

முதிய நாய்க்கென ஆஃப்கோ தனி அளவுகோல் எதையும் வகுக்கவில்லை. அந்தப் பெயரில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. சிறுநீரகம் தளர்ந்த நாய்க்குப் பாஸ்பரஸ் குறைத்த சிகிச்சை உணவு வேண்டும். இந்தப் பை அதற்கு ஈடாகாது. பல் தேய்ந்திருந்தால், வளர்ந்த நாய்க்கான தீனியையே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். எங்கள் மூத்த நாய் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறது.

மூன்று பைகளிலும் வாய்ப்பகுதி இறுக மூடுவதில்லை. மழைக்காலத்தில் தீனியிலுள்ள கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குவதால், விலை சற்றுக் கூடினாலும் சிறிய பையாக வாங்கி, பையோடு சேர்த்து மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது.