சிங்கப்பூர் ஏன் இனிப்புப் பானங்களைத் தடை செய்யவில்லை?

டின்னிலும் போத்தலிலும் அடைத்து விற்கும் இனிப்புப் பானங்களை என்ன செய்யலாம் என்று 2018 டிசம்பரில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு மக்களிடமே கேட்டது. நான்கு வழிகளை முன்வைத்தது: சர்க்கரை மிகுந்தவற்றைத் தடை செய்வது, வரி போடுவது, விளம்பரத்தைக் கட்டுப்படுத்துவது, டின்னின் முகப்பில் தரக்குறி அச்சிடுவது. 2019 அக்டோபரில் கடைசி இரண்டையும் எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டையும் இன்னும் ஆராய்வோம் என்று ஓரமாக வைத்துவிட்டது.

தடை என்று சொன்னால் கேட்க விறைப்பாக இருக்கும். ஆனால் அன்று பேசப்பட்டது அடைத்த பானங்களுக்கான தடை மட்டும்தான். டின்னை எடுத்துவிட்டாலும் பக்கத்துக் காப்பிக் கடையில் கெட்டிப்பாலை ஊற்றி ஆற்றும் தேநீரான தே தாரே அப்படியே இருக்கும். பாலம் தாண்டினால் மலேசியாவின் ஜொகூரில் அந்த டின்னே கிடைக்கும். பள்ளி வளாகம் மாதிரி வாசல் உள்ள இடத்துக்குத்தான் தடை பொருந்தும் என்பது என் கட்சி.

வரிக்கு நல்ல உதாரணம் பிரிட்டன். 2016 மார்ச்சில் அறிவித்து 2018 ஏப்ரலில்தான் வசூலிக்க ஆரம்பித்தார்கள். 100 மில்லிக்கு 5 கிராம் சர்க்கரையைத் தொட்டால் அப்போது லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமைத் தொட்டால் 24 பென்ஸ். சூட்சுமம் அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. இடைப்பட்ட இரண்டு வருடத்தில் பல கம்பெனிகள் 5-க்குக் கீழே இறங்கிவிட்டன. ஸ்காட்லாந்தின் செல்லப் பானமான அயர்ன்-ப்ரூ 10.3 கிராமிலிருந்து 4.7-க்கு வந்தது. பழைய ருசிக்காகப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கியவர்களும் உண்டு! வழக்கமான கோக் மட்டும் 10.6 கிராமை விடாமல் வரியைக் கட்டிக்கொண்டிருந்தது.

இந்தியாவிலும் வரி உண்டு, கனமான வரி. 2025 செப்டம்பரிலிருந்து சோடா வகை இனிப்புப் பானங்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. ஆனால் சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்புப் போட்ட சோடா பானத்துக்கும் அதே 40தான். அப்புறம் எந்தக் கம்பெனி சர்க்கரையைக் குறைக்க மெனக்கெடும்? கஜானாவுக்கு நல்லது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட் குறி 2022 டிசம்பர் 30-இல் அமலுக்கு வந்தது. ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்து. 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு டி, அதற்கு விளம்பரமும் கூடாது. எழுத்துக்குக் கீழே சர்க்கரை எத்தனை சதவீதம் என்றும் இருக்கும். ஊரிலிருந்து வந்த சித்தி சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் ஒரு மாம்பழப் பான டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டி-னு போட்டிருக்கே, உள்ள டீயா?" என்று கேட்டார். விளக்கியதும் டின்னை அலமாரியில் வைத்துவிட்டார்.

சித்தி மாதிரி எல்லாரும் வைத்துவிட மாட்டார்கள். ஆனால் டி வாங்கிய பிள்ளையைக் காட்டிக்கொள்ளக் கம்பெனிக்கு வெட்கம். அடைத்த பானங்களின் நடுத்தரச் சர்க்கரை அளவு 2017-இல் 7.1 சதவீதம், 2023-இல் 4.6. முழுப் பெருமையையும் எழுத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஏழு பெரிய கம்பெனிகள் 2017-லேயே 12 சதவீதத்துக்கு மேல் போக மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தன. இருந்தாலும் நான் எழுத்தின் பக்கம்தான். கூடவே பிரிட்டன் மாதிரிப் படிக்கட்டு வரியும் இருந்தால் இன்னும் சரி.

ஓர் ஓட்டை உண்டு. சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பைப் போட்டால் ஏ கிடைக்காது, ஆனால் பி கிடைத்துவிடும். நாக்கு பழைய தித்திப்பிலேயே இருக்கும்.

2023 டிசம்பர் 30-லிருந்து காப்பிக் கடைகளில் கலந்து கொடுப்பதற்கும் இதே விதி வந்துவிட்டது. சித்தி அன்று மாலை ஒரு கடையில் உட்கார்ந்து தே கேட்டார். நான் "சியூ தாய்" என்று சேர்த்துச் சொன்னேன், சர்க்கரை குறைவாக என்று அர்த்தம். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இதுக்கு வெந்நியே குடிக்கலாம்" என்றார்.