ஜி41 போர்டில் 8 ஜிபி ராம்: பல வருடம் ஓட்டிய அனுபவம்

செங்கோட்டையில் எங்கள் டிடிபி கடைக்குத் தமிழ் வேலையும் மலையாள வேலையும் சேர்ந்தே வரும். ஆரியங்காவு, தென்மலைக்காரர்கள் கல்யாண ஆல்பத்துக்கு இங்கே வந்துவிடுவார்கள். அந்த ஆல்பங்களைப் பல வருடமாகச் சுமப்பது இன்டெல் ஜி41 சிப்செட் (பிராசஸரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சிப்) உள்ள போர்டு, கோர் 2 டுவோ பிராசஸர். ராம் 8 ஜிபி. அதற்கு மேல் ஜி41 ஏற்காது.

முதலில் 4 ஜிபி போட்டு 32 பிட் விண்டோஸ் 7 வைத்திருந்தோம். காட்டியது 3.25 ஜிபிதான். இதைப் பார்த்து ராம் பழுது என்று மாற்றக் கேட்பவர்கள் நிறையப் பேர். ராமில் ஒரு குறையும் இல்லை. 32 பிட்டில் கிடைக்கும் முகவரிகள் 429 கோடிச் சொச்சம். பைட்டுக்கு ஒன்று, ஆக 4 ஜிபி. கிராபிக்ஸ், பயாஸ் சிப் (கம்ப்யூட்டரைத் துவக்கும் புரோகிராம் இருப்பது), பிசிஐ கார்டுகள் எல்லாவற்றுக்கும் போர்டு அதிலிருந்தே முகவரி கொடுத்தாக வேண்டும். அவை மேல்பகுதியை எடுத்துக்கொள்வதால் அங்கே விழும் ராமைத் தொட வழியில்லை.

பயாஸில் 'மெமரி ரீமேப்' இருந்தால் எனேபிள் செய்யுங்கள். மறைந்து கிடக்கும் ராமுக்கு 4 ஜிபிக்கு மேலே புது முகவரி கிடைக்கும். ஆனால் 32 பிட் விண்டோஸ் 7 அந்த எல்லையைத் தாண்டாது. எங்களுக்கும் 64 பிட் போட்ட பிறகுதான் முழு ராமும் வந்தது. பழைய 945 சிப்செட்டில் ரீமேப்பே கிடையாது, அங்கே 64 பிட் போட்டும் பயனில்லை.

அப்புறம், 4 ஜிபி ராம் ஸ்டிக் வாங்கும்போது சிப்பை எண்ணிப் பாருங்கள். இரு பக்கமும் எட்டெட்டாக 16 இருக்க வேண்டும். ஒரே பக்கம் 8 சிப் என்றால் ஒவ்வொன்றும் 4 கிகாபிட். அதற்கு 16 பிட் வரிசை முகவரி (சிப்புக்குள் எந்த வரிசை என்று குறிக்கும் எண்) தேவை. ஜி41 ஏற்பது 15 பிட்டில் முடியும் 2 கிகாபிட் சிப் வரைதான். கடைக்காரர் 'எல்லாம் டிடிஆர்3 வகை ராம்தானே' என்பார், கேட்காதீர்கள்.

சாரல் சீசனில் சில நாள் பீப் சத்தம் மட்டும் வரும், டிஸ்ப்ளே வராது. ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுச் செருகினால் சரியாகிவிடும்.

12x36 ஆல்பம் ஷீட்டுகள் நாலைந்து திறந்தாலும் போட்டோஷாப் திணறுவதில்லை. இப்போது பழைய போர்டு தேடுபவர்களுக்கு நான் எச்61 சிப்செட் போர்டுதான் சொல்வேன்: ராமை நிர்வகிக்கும் மெமரி கண்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது, 16 ஜிபி வரை போடலாம்.