டோனர் முட்டை சிகிச்சைக்கு நாகர்கோவில் போதுமா?

குமரி மாவட்டத்துத் தம்பதிக்கு டோனர் முட்டையில், அதாவது வேறொரு பெண் கொடுக்கும் முட்டையை ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, ஐவிஎஃப் செய்ய மூன்று திசை இருக்கிறது: நாகர்கோவிலிலேயே பார்ப்பது, திருநெல்வேலி, மதுரைப் பக்கம் போவது, களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் போவது. கர்ப்பப்பையைத் தயார் செய்து கருவை வைக்கும் வேலைக்கு ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை என்பது எங்கள் மதிப்பீடு. ஸ்கேன், ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் இங்கேயே ஒழுங்காக நடக்கின்றன. குறை இருப்பது முட்டை பற்றிய விவரத்தில். அதை யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை, வாய்விட்டுக் கேட்டால்தான் வருகிறது.

முதலில் ஒன்று. ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு குறைவு என்று ஒரே ஒரு தாளைக் காட்டி, முப்பது வயதுப் பெண்ணை அன்றைக்கே டோனருக்குத் தள்ளும் மையத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஎம்எச் மிச்சமிருக்கும் முட்டையின் எண்ணிக்கையைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. மாதவிடாய் சீக்கிரமே நின்றவர், சினைப்பையை எடுத்தவர், புற்றுநோய் மருந்தால் முட்டை அழிந்தவர், சொந்த முட்டையில் கரு திரும்பத் திரும்பச் சரியாக வளராதவர், நாற்பதைத் தாண்டிப் பல சுற்று பார்த்தவர் ஆகியோருக்குத்தான் டோனர் என்ற பேச்சு. கர்ப்பப்பைக்கு வயது பெரிய தடையில்லை. கருவின் தரம் பெரும்பாலும் முட்டை கொடுத்தவரின் வயதைப் பொறுத்தது. இந்தச் சிகிச்சை பலன் தருவதே அதனால்தான்.

இனி சட்டம். கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021இல் நிறைவேறி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது. முட்டை கொடுப்பவருக்கு 23 முதல் 35. அவர் வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவரின் முட்டையை ஒரே ஒரு தம்பதிக்குத்தான் கொடுக்கலாம். டோனரை ஏற்பாடு செய்வது பதிவு பெற்ற தனி முட்டை வங்கியின் வேலை, சிகிச்சை மையத்தின் வேலை அல்ல. ‘தங்கச்சியே தருவாள், அவளிடமே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்வதற்கு இன்று வழியில்லை. ‘பதினைந்து முட்டை தருகிறோம்’, ‘இன்னொரு தம்பதியோடு பகிர்ந்தால் பாதி விலை’ என்று எந்த மையம் சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம், இரண்டும் சட்ட விரோதம். 2022இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியிடம் போலி ஆதாரை வைத்துத் திரும்பத் திரும்ப முட்டை எடுத்த வழக்கு வந்தது. டோனரின் வயதையும் வங்கியின் பதிவு எண்ணையும் கேட்பது உங்கள் நலனுக்கு மட்டுமல்ல, அந்தப் பெண்ணுக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதையும்கூட.

ஏழு முட்டை என்றால் ஏழு கரு என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். வங்கியிலிருந்து உறைநிலையில் வரும் முட்டைகளில் ஒன்றிரண்டு உருக்கும்போதே போய்விடலாம். மீதியில் நாலைந்து கருவுறும். ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு, அதாவது கர்ப்பப்பையில் வைக்கத் தகுந்த வளர்ச்சிக்கு வருவது பெரும்பாலும் இரண்டு, சில நேரம் ஒன்று, சில நேரம் மூன்று. உறைந்த முட்டையின் ஓடு இறுகியிருப்பதால் இக்சி முறையில்தான் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவார்கள். அந்தக் கட்டணம் பேக்கேஜில் உண்டா என்று கேளுங்கள். டோனருக்கு உங்கள் செலவில் எடுக்க வேண்டிய பன்னிரண்டு மாதக் காப்பீடு, மீதிக் கருவை வைக்கும் வருட வாடகை, இரண்டாவது முறை கரு வைக்கும் செலவு, மருந்துக்கடை பில் ஆகியவையும் பல பேக்கேஜ்களில் வெளியே நிற்கும். உருக்கியதில் எத்தனை பிழைத்தன, எத்தனை கருவுற்றன, ஐந்தாம் நாளில் எத்தனை, என்ன தரம் என்பதை ஆய்வகத் தாளாகவே வாங்குங்கள். ‘நல்லா வந்திருக்கு’ என்ற வாய்வார்த்தை போதாது. முதல் சுற்று தோற்றால் அடுத்த மருத்துவர் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

கர்ப்பப்பைப் பக்கம் எங்கும் பெரும்பாலும் ஒரே வழிமுறைதான். மாதவிடாய் இரண்டாம் நாள் ஸ்கேன், பிறகு கர்ப்பப்பையின் உள்வரியை வளர்க்கும் எஸ்ட்ராடியோல் மாத்திரை, வழக்கமாக 2 மில்லிகிராம் மூன்று வேளை. பத்துப் பன்னிரண்டு நாளில் உள்வரி 7 மில்லிமீட்டருக்கு மேல், ஸ்கேனில் மூன்று கோடாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மாத்திரையைக் கூட்டுவார்கள் அல்லது பிறப்புறுப்பில் வைக்கச் சொல்வார்கள். அதற்கும் வளராவிட்டால் அந்தச் சுற்றை விட்டுவிட்டு, கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்த (டி அண்ட் சி) பழைய தழும்போ காசநோயோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருக்குழாயில் நீர் கட்டியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் கரு வைக்கவே கூடாது. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்து கரு ஒட்டவிடாது. இந்தச் சோதனைகளை முட்டைக்குப் பணம் கட்டும் முன்பே முடிப்பது நல்ல மையத்தின் அடையாளம்.

அதன் பிறகு, கரு ஒட்ட உள்வரியைத் தயாராக்கும் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோன். ஐந்து நாள் வளர்ந்த கரு என்றால் புரோஜெஸ்ட்ரானின் ஆறாம் நாளில் வைக்க வேண்டும், இந்தக் கணக்கு பிசகக் கூடாது. ஒரு வேளை தவறினால் மறைக்காமல் சொல்லுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம். எண்ணெயில் கலந்த ஊசி என்றால் குப்பியை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்துச் சூடாக்கி, பிட்டத்தின் மேல் வெளிப்புறத்தில், வலது இடது மாற்றி, மெதுவாகப் போட வேண்டும். ஊர் நர்ஸ் அக்காவிடம் இதைச் சொல்லிவையுங்கள், அவசரமாகக் குத்தினால் கட்டிக்கொள்ளும். கட்டி சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை வெள்ளையாக வழிவதைப் பார்த்து மருந்தெல்லாம் வீணாகிறதே என்று பயப்பட வேண்டாம், உடல் தனக்கு வேண்டியதை எடுத்திருக்கும்.

கணவர் வளைகுடாவிலோ கப்பலிலோ இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். விடுமுறை முடிந்து போகும் முன் விந்தை உறையவைத்து, இருவரின் ஒப்புதல் கையெழுத்தையும் முடித்துவிட்டால் மீதி வேலைக்கு அவர் ஊரில் இருக்க வேண்டிய அவசியமில்லை. விமானம் ஏறும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

கரு வைப்பது சில நிமிட வேலை, மயக்க மருந்து வேண்டாம். சிறுநீர்ப்பை அரைகுறையாக நிரம்பியிருந்தால் ஸ்கேனில் பாதை தெளிவாகத் தெரியும். பிறகு பதினைந்து நாள் படுத்தே கிடக்க வேண்டும் என்பதில் உண்மையில்லை. மார்த்தாண்டம் நெரிசலில் கார் குலுங்கினாலும் கரு கீழே விழாது. இரண்டு வாரம் கழித்து, கர்ப்பம் உண்டா என்று சொல்லும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை. இடையில் ரத்தக்கறை பட்டால் தானாக மருந்தை நிறுத்திவிடுவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கும் மிக வேதனையான தவறு. இந்தச் சுற்றில் சினைப்பை தன் பங்குக்கு ஹார்மோன் சுரப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வாரம் வரை கர்ப்பத்தைத் தாங்குவது மருந்துதான்.

கவுன்சலிங்கில் எல்லாத் திசையிலும் மதிப்பெண் குறைவு. ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் படிவத்தை நீட்டுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை ஐவிஎஃப்பை ஏற்பதில்லை, கோட்டாறு, குழித்துறைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பாரமும் உண்டு. பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் ‘ஆருக்க சாயலு?’ என்று கேட்கும்போது தாய்க்கு உள்ளே என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். சட்டப்படி பிள்ளை முழுக்க உங்களுடையது, டோனருக்கு எந்த உரிமையும் இல்லை. ரத்த வகை பொருத்திக் கேட்கலாம். இருவரும் ஓ வகையாக இருந்து டோனர் பி வகையென்றால் பிள்ளைக்கு பி வரலாம், பள்ளிக்கூட அட்டையிலேயே கேள்வி எழும். அதற்காக மறைக்கச் சொல்லவில்லை. சிறு வயதிலேயே பெற்றோர் வாயால் கேட்ட பிள்ளைக்கு அது அதிர்ச்சியாக இருக்காது என்றே நம்புகிறோம்.

கர்ப்பம் உறுதியானபின் பலர் வேறு மருத்துவரிடம் மாறி, டோனர் விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஸ்கேன் சென்டரில் சொந்தக்காரர் யாராவது வேலை பார்ப்பார் என்ற பயம் நியாயமானதே. ஆனால் 12 வார டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனைப் படிவத்தில் தாயின் வயது 44 என்று போனால், டவுன் சிண்ட்ரோம் அபாயம் பொய்யாகக் கூடிக் காட்டி, தேவையில்லாமல் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பது வரை கொண்டுபோகும். அங்கே எழுத வேண்டியது முட்டை எடுத்தபோது டோனருக்கு இருந்த வயது. மருத்துவரிடம் தனியாகச் சொல்லி, அவர் கையாலேயே படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பும் டோனர் முட்டைக் கர்ப்பத்தில் அதிகம். 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்று கேளுங்கள், வீட்டில் ஒரு பிபி கருவி வாங்கி வையுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், திடீர் முகவீக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, பச்சிளங்குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள வேறு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.