நிழலுக்கு இரண்டு ஆங்கிலச் சொல்: எந்த அகராதி வாங்கலாம்?

பள்ளி திறக்கும் நேரத்தில் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: பிள்ளைக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி வாங்கலாமா, ஆங்கிலத்திலேயே விளக்கும் அகராதி வாங்கலாமா? பாளையங்கோட்டையில் வீட்டிலேயே ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். என் மேசையில் இரண்டும் உண்டு. ஆனால் மகளுக்கென்று ஒன்று வாங்கியபோது இரண்டாவதைத்தான் வாங்கினேன். அதிலும், ஆங்கிலத்தைப் பிறமொழியாகப் படிப்பவர்களுக்கென்றே எழுதப்படும் ‘லேர்னர்ஸ்’ அகராதியை.

விலை குறைவு தமிழ் அகராதிதான். தூக்கிக்கொண்டு போகவும் அதுவே சுலபம். ஒரு சொல்லை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு லிப்கோ மாதிரி ஒன்று போதும், சட்டென்று பொருள் புரிந்துவிடும். மொழிபெயர்ப்பு செய்பவர் என்றால், அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதிலெல்லாம் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் வருவது, இரண்டு சொல்லில் எதை எழுதுவது என்று பிள்ளை திகைத்து நிற்கும் இடத்தில். ‘ஷேட்’, ‘ஷேடோ’ இரண்டுக்கும் தமிழில் நிழல்தான். “மிஸ், ரெண்டும் நிழல்தானே, எதைப் போட்டா என்ன?” என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. வெயில் நேரத்தில் தாமிரபரணிக் கரையில் மருத மரத்தடியில் ஒதுங்குகிறோமே, அது ‘ஷேட்’. சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் கோபுரம் தன் உருவத்தைத் தரையில் நீளமாகப் போடுகிறதே, அது ‘ஷேடோ’. லேர்னர்ஸ் அகராதியில் இந்தப் பொருளில் வரும் ‘ஷேட்’டுக்குப் பக்கத்தில் எண்ண முடியாதது என்று குறி இருக்கும், உருவமாக விழும் ‘ஷேடோ’வுக்கு எண்ணக்கூடியது என்று இருக்கும். மூன்று பேர் நின்றால் மூன்று ‘ஷேடோ’. மரத்தடிக் குளிர்ச்சியை அப்படி எண்ண முடியாது. அந்தச் சின்னக் குறியைக் காட்டியதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

‘ஹியர்’, ‘லிசன்’ இன்னொரு ஜோடி. இரண்டையும் கேட்பது என்றே சொல்லிவிடுகிறோம். பஸ் ஸ்டாண்டில் ஹாரன் சத்தம் தானாகக் காதில் விழுந்தால் ‘ஹியர்’. வகுப்பில் கவனித்துப் பாடம் கேட்டால் ‘லிசன்’. அப்புறம், யாரை, எதை என்று சொல்லும்போது ‘லிசன்’ பின்னால் ‘டு’ வர வேண்டும். அந்த ‘டு’ எந்தத் தமிழ்ப் பொருளிலும் தெரியாது, எடுத்துக்காட்டு வாக்கியத்தில்தான் தெரியும்.

என் முடிவு முழுக்க அந்த எடுத்துக்காட்டு வாக்கியத்தை நம்பித்தான். ‘பாரோ’ என்றால் கடன் வாங்கு, ‘லெண்ட்’ என்றால் கடன் கொடு என்று தமிழ் அகராதி சரியாகவே பிரித்துச் சொல்லும். பிள்ளை அதை ஒப்பிக்கவும் செய்யும். எழுதும்போதுதான் ‘பாரோ’வுக்குப் பின்னால் ‘டு’ போட்டுவிடும். ஒருவரிடமிருந்து வாங்கினால் ‘ஃப்ரம்’, ஒருவருக்குக் கொடுத்தால் ‘டு’ என்பதை இரண்டு வாக்கியம் படித்தாலே கண் பழகிக்கொள்ளும். ‘டிஸ்கஸ்’ஸும் இப்படித்தான். ‘பற்றி விவாதி’ என்று தமிழில் நினைப்பதால் கை தானாக ‘அபௌட்’ எழுதுகிறது. பெரியவர்கள் எழுதும் அலுவலகக் கடிதங்களிலும் அதைப் பார்க்கிறேன். லேர்னர்ஸ் அகராதியின் எடுத்துக்காட்டுகளில் ‘டிஸ்கஸ்’ பின்னால் நேரே விஷயம் வரும், நடுவில் ‘அபௌட்’ இருக்காது.

ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் என்றால் பிள்ளைக்கு எப்படிப் புரியும் என்று கேட்பார்கள். இந்த வகை அகராதியை உருவாக்கியவர்களும் யோசித்த விஷயம்தான் அது. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். பிறமொழிக்காரர் தடுமாறும் இடங்களை வகுப்பறையில் பார்த்தவர். அவருடைய அகராதி 1942ல் ஜப்பானில் வந்தது. 1948ல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்து, இன்றுவரை புதுப் பதிப்புகள் கண்டு வருகிறது. 1978ல் வந்த லாங்மன் அகராதி, விளக்கங்களைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியது.

எல்லா ஜோடிக்கும் இது வேண்டும் என்றில்லை. ‘அஃபெக்ட்’ என்றால் பெரும்பாலும் பாதிப்பது, ‘எஃபெக்ட்’ என்றால் விளைவு. தமிழ் அகராதியே தீர்த்துவிடும். ‘ஸ்டேஷனரி’ கடைப் பலகையில் ‘ஆர்’ எழுத்துக்கு முந்தைய உயிரெழுத்து ‘ஏ’யா, ‘ஈ’யா என்பதற்கும் எந்த அகராதியானாலும் சரி. ‘ஏ’ போட்டால் அசையாமல் நிற்பது, ‘ஈ’ போட்டால் எழுதுபொருள்.

போனே பிழை திருத்துகிறதே என்பவர்களுக்கு: அது சொல்லில் எழுத்துப் பிழை இருந்தால் பிடிக்கும். இழப்பதைச் சொல்லும் ‘லூஸ்’ஸில் ஒற்றை ‘ஓ’ போட வேண்டிய இடத்தில் இரண்டு ‘ஓ’ போட்டால் தளர்ந்தது என்ற வேறு சொல் வந்துவிடுகிறது. அதுவும் சரியான சொல்தான் என்பதால் பல நேரம் சிவப்புக் கோடு விழாது. வாக்கியத்தைப் பார்த்துத் திருத்தும் மென்பொருள்களில் நான் இலவசமானவற்றை மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். அவை சில சமயம் பிடிக்கின்றன, சில சமயம் விட்டுவிடுகின்றன.

எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் யோசிக்காமல் லேர்னர்ஸ் அகராதி வாங்குங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் குறைவாகவே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வருஷம் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது. பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், ‘ஷேட்’டும் ‘லிசன்’னும் மாறிவிடவில்லை. கடையிலேயே ‘பாரோ’ இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கீழே ஒரு வாக்கியம்கூட இல்லையென்றால் அது சுருக்கிய பாக்கெட் பதிப்பு. அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.