எலும்பா, பல்லா, பானை ஓடா: பண்டைய உணவை எதில் தேடுவது?

நெல்லுண்டு வாழ்ந்தவர் யார், கம்பும் கேழ்வரகும் உண்டு வாழ்ந்தவர் யார் என்பதை ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) அளவீட்டால் பிரித்தறிவதற்குத் தமிழ்நாடு மிகவும் ஏற்ற நிலம். நெல், பயறு, கிழங்கு, தென்னை ஆகியவை சி-3 எனப்படும் முறையில் ஒளிச்சேர்க்கை செய்பவை. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, வரகு, சாமை, கரும்பு ஆகியவை சி-4 எனப்படும் வேறொரு முறையில் செய்பவை. காற்றிலுள்ள கனமான கார்பன்-13 அணுக்களை முதல் வகை கூடுதலாக ஒதுக்கிவிடுவதால், அதன் கார்பன் மதிப்பு (ஒரு பொதுத் தரத்தைவிடக் கார்பன்-13 எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பது) சராசரியாக ஆயிரத்துக்கு –26.5 என்ற அளவிலும், இரண்டாம் வகையினது –12.5 என்ற அளவிலும் நிற்கிறது. இந்த இடைவெளி, உண்பவரின் உடலிலும் பதிவாகிறது. அதை எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தில் தேடுவதா, பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் தேடுவதா, பானை ஓட்டில் ஊறிய கொழுப்பில் தேடுவதா என்பதே ஆய்வாளர் முன்னுள்ள தேர்வு.

குளிர்ந்த நாடுகளில் கொலாஜனே முதல் தேர்வு. வட அமெரிக்காவில் சி-4 பயிரான மக்காச்சோளம் உணவாகப் பரவியதை 1977-இல் ஆய்வாளர்கள் வோகலும் வான் டெர் மெர்வேயும் எலும்பிலிருந்து காட்டியது இவ்வழியில்தான். கொலாஜன் ஒரு புரதம் என்பதால் அதில் நைட்ரஜனும் உண்டு. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது நைட்ரஜன்-15-இன் மதிப்பு ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை உயரும். சென்னை போன்ற கடற்கரைப் பகுதிக்கு இது சிறிய வசதியன்று. கடல்மீன் மிகுதியாக உண்டவரின் கார்பன் மதிப்பு, சிறுதானியம் உண்டவருடையதைப் போலவே உயர்ந்திருக்கும். இருவரையும் வேறுபடுத்திக் காட்டுவது நைட்ரஜன்தான்.

ஆனால் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் கொலாஜன் விரைவில் சிதைந்துவிடுகிறது. பிரித்தெடுத்த கொலாஜனில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள அணு விகிதம் 2.9-க்கும் 3.6-க்கும் இடையே இல்லாவிட்டால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட வேண்டும். ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அங்குக் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றிய உடற்கூற்றியலாளர் சக்கர்மனின் நூல் 1930-இல் வெளியாயிற்று. இத்தகைய பழைய சேகரிப்பு எதிலும், எலும்பு உதிராதிருக்க அக்காலத்தில் அரக்கோ பசையோ பூசப்பட்டிருந்தால், அதன் கார்பனும் அளவீட்டில் கலந்துவிடும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எனாமலின் நிலை வேறு. அதில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம் என்பதால் மண்ணரிப்பை மிக நன்றாகத் தாங்குகிறது. சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள அத்திரம்பாக்கத்தில், ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையான கற்கருவிகளுடன் விலங்குப் பற்களின் புதைபடிவங்களும் கிடைத்தன. அவ்வளவு பழமைக்குக் கொலாஜனை எதிர்பார்க்க முடியாது. தாவர உண்ணிகளின் எனாமல், தீவனத்தைவிட ஆயிரத்துக்கு 14 அளவில் உயர்ந்திருக்கும். எனவே சி-3 தழை தின்ற விலங்கு –12-க்கு அருகிலும், சி-4 புல் மேய்ந்தது +1-க்கு அருகிலும் வந்து நிற்கும். குறைகளும் உண்டு. எனாமலிலிருந்து நைட்ரஜன் மதிப்பை வழக்கமான முறைகளால் பெற முடியாது. பல் முளைக்குமுன் உருவாகி அத்துடன் நின்றுவிடுவதால், அது காட்டுவது இளமைக்கால உணவை மட்டுமே. தாய்ப்பாலின் தாக்கத்தைத் தவிர்க்க மூன்றாம் கடைவாய்ப்பல்லைத் தேர்வது நல்லது.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முக்கிய வேறுபாடு, கொலாஜன் பெரும்பாலும் உணவின் புரதத்தையும், எனாமல் முழு உணவையும் காட்டுகின்றன என்பதாகும். வயிறு நிறையச் சோறும், வெப்பமண்டலப் புல் மேய்ந்த பசுவின் பாலும் உண்டவர் ஒருவரின் கொலாஜன், பாலின் புரதத்தால் சி-4 பக்கம் சாய்ந்து, அவரைக் கம்பங்கூழ் குடித்தவராகக் காட்டிவிடக்கூடும். அவருடைய எனாமலோ சோற்றின் பங்கையும் சேர்த்துச் சொல்லும். தானியம் எது என்பதே கேள்வியானால் நான் எனாமலையே நம்புவேன். இரண்டையும் ஒருங்கே அளக்க முடிந்தால், இந்தச் சாய்வே ஒரு சான்றாகிவிடும்.

பானை ஓட்டைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டியரிக், பால்மிடிக் என்ற கொழுப்பு அமிலங்களின் கார்பன் மதிப்புகளுக்கிடையிலான வேறுபாடு ஆயிரத்துக்கு –3.3-க்குக் கீழே இறங்கினால், அது அசைபோடும் விலங்கின் பால்கொழுப்பு எனக் கொள்வது வழக்கம். பால், இறைச்சி பற்றி அறிய இது அருமையான வழி. ஆனால் தானியங்களில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் சோறு வடித்த பானை பெரும்பாலும் வாய் திறக்காது. தவிரவும், அது சொல்வது பானையின் கதையே ஒழிய, ஓர் ஆளின் கதையன்று.

ஆகவே தமிழக அகழாய்வுகளில் எனாமலுக்கே முதலிடம் தர வேண்டும். எலும்பைப் பொறுத்தவரை, சிறு துணுக்கின் மொத்த நைட்ரஜன் அளவை முதலில் சோதித்து, அது ஏறத்தாழ 0.7 சதவீதத்துக்கு மேலிருந்தால் மட்டும் கொலாஜனுக்காக எலும்பைச் செலவிடலாம். எதைத் தேர்ந்தாலும், அதே மண்ணடுக்கில் கிடைக்கும் ஆடு, மாடு, மான் ஆகியவற்றின் பற்களையும் உடன் அளந்தாக வேண்டும். மாடு புல் மேய்ந்ததா, வைக்கோல் தின்றதா என்று தெரியாமல் அதன் பாலைக் குடித்தவரின் எண்ணுக்குப் பொருள் சொல்ல இயலாது.