டர்பன் நார்த் பீச் பார்க்ரன்: நடப்பவர்களும் தாராளமாக வரலாம்

பார்க்ரன் என்பது வாராவாரம் யார் வேண்டுமானாலும் ஓடியோ நடந்தோ கலந்துகொள்ளும் நிகழ்ச்சி. சனிக்கிழமை காலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் இதற்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நம் ஆட்கள் பலர் இது இளவட்டங்களின் ஓட்டப்பந்தயம் என்று ஒதுங்கிப் போகிறார்கள். அப்படி இல்லை. நான் அங்கே ஒரு நாளும் ஓடியதில்லை, முழுக்க நடைதான். அறுபதைத் தாண்டியவன், சர்க்கரை உள்ளவன், சாட்ஸ்வர்த்துக்கும் டவுனுக்கும் நடுவே பஸ் ஓட்டியே காலம் கழித்தவன். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காசு கிடையாது. இணையத்தில் ஒரே ஒரு முறை பதிவு செய்தால் ஒரு பார்கோடு தருவார்கள். அது எந்த ஊர் பார்க்ரனுக்கும் செல்லும். தூரம் 5 கிலோமீட்டர். எனக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நேர வரம்பு எதுவும் இல்லை. எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். அதனால் கடைசி ஆள் நாமாக இருப்போமோ என்ற கூச்சமே வேண்டாம். 2004-ல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கிய விஷயம் இது. காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்தை 9 முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ் 2011-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். இன்றும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். அவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

பாதை முழுக்க சமதளம். முட்டி வலி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல இடம் டர்பனில் எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் அலையில் சறுக்கும் பையன்கள், இன்னொரு பக்கம் மோசஸ் மபிடா மைதானத்தின் வளைவு. கோடையில் புழுக்கம் அதிகம், வடகிழக்குக் காற்று எழுந்துவிட்டால் எதிர்நடை சிரமம்தான். தொப்பியும் தண்ணீரும் அவசியம். தொடக்கத்தில் கூட்டம் நெருக்கும். பின்னால் நின்றுகொண்டால் ஓடுபவர்கள் போனபிறகு நிம்மதியாக நடக்கலாம்.

எந்த வேகத்தில் நடப்பது என்று கேட்பார்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. அதுதான் சரியான வேகம். நடக்கும்போது தொடைத் தசையும் கெண்டைக்காலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இது நடக்கும், அதனால்தான் டாக்டர்கள் நடையை விடாமல் சொல்கிறார்கள். 1953-ல் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்குத்தான் இதயநோய் அதிகமாம். ஸ்டியரிங் பிடித்தவன் என்பதால் அந்தச் செய்தி என் மனதை விட்டுப் போகவே இல்லை.

ஆனால் வாரம் ஒரு நாள் பார்க்ரன் மட்டும் போதாது. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சனிக்கிழமை 60 நிமிடம் போனால் மிச்சம் 90. மற்ற 6 நாளும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் நடந்தால் கணக்கு தீர்ந்தது. சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையும் அந்த நடையில் மட்டுப்படும். "டிவியை அப்புறம் பார்க்கலாம், வாங்க" என்று என் வீட்டுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். இரண்டு பேரும் தெருக்கோடி வரை போய் வருவோம்.

சர்க்கரை உள்ளவர்கள் ஷூ விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது. கால் மரத்துப் போனவர்களுக்குக் கொப்புளம் வந்தால்கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றி, உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கால் தெரியவில்லை என்றால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து மேலே காலைக் காட்டுங்கள். நடையில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம் என்பதால், இன்சுலின் போடுபவர்கள் பையில் நாலைந்து குளுக்கோஸ் மிட்டாய் வைத்திருப்பது நல்லது. நடக்கும்போது மார்பு இறுகினால் உடனே நின்று உதவி கேளுங்கள்.

முடித்த கையோடு பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு நிரப்பும் நம்ம ஊர் சாப்பாடு, விற்கும் கடைக்குப் போகும் கோஷ்டியும் உண்டு. கால் ரொட்டியும் ஆட்டுக்கறியும் உள்ளே போனால் காலையில் நடந்ததற்கு அர்த்தமில்லை. நான் வீட்டுக்கு வந்து இட்லிதான்.

டர்பனில் இருக்கும் தமிழர்கள் அம்மா அப்பாவையும் அழைத்து வாருங்கள். பார்கோடை அச்சடித்தோ கைப்பேசியிலோ கொண்டுவரலாம். இல்லாவிட்டாலும் நடக்க விடுவார்கள், நேரம் மட்டும் பதிவாகாது.